எழுத்துக்கு விழா எடுக்கும் நாடு

ஐரோப்பாக் கண்டத்தின் படத்தை நேயர்கள் தம் மனக்கண் முன்னே விரித்துக்கொள்வார்களாக. அதன் தென்கிழக்குப் பகுதியிலே, மேற்கே ஏட்ரியாற்றிக் கடலும் கிழக்கே கருங்கடலும் தெற்கே ஏஜியன் கடலும் சூழ, ஒரு பெரிய குடாநாடு கீழ்நோக்கி நீண்டு கிடக்கின்றது. அதனையே பால்கன் குடாநாடு என்கிறோம். அக்குடாநாட்டின் கிழக்குப் பாகத்திலே, கருங்கடலை நோக்கி வாயில் திறந்து இருக்கும் நாடு பல்கேரியா. இன்றைய பேச்சு அந்நாட்டைப் பற்றியது.

வடக்கே தான்யூப் நதி. ஏறக்குறைய 470 கிலோமீற்றர் தூரத்துக்கு அந்நதியே பல்கேரியாவுக்கும் ருமேனியாவுக்கும் எல்லையாக ஓடுகின்றது. மேற்கே சேர்பியாவும் வட மசிடோனியாவும், தெற்கே கிரேக்கமும் துருக்கியும் அண்டை நாடுகள். நாட்டின் பரப்பு ஏறக்குறைய 1,11,000 சதுர கிலோமீற்றர். இப்பரப்பின் நடுவே, மேற்கிலிருந்து கிழக்காக, நாட்டை இரண்டாக வகிர்ந்தாற்போல ஒரு மலைத்தொடர் செல்கின்றது. பல்கேரியர் அதனை ஸ்தாரா பிளானினா, அதாவது பழைய மலை, என்று அழைப்பர். துருக்கியர் அதற்கு இட்ட பெயரே பால்கன். இம்மலை குடாநாடு முழுவதையும் ஊடறுத்துக் கடலிலிருந்து கடல்வரை செல்வதாகத் தவறாக எண்ணிய ஜேர்மானியப் புவியியலார் ஒருவர், 1808 இல் குடாநாடு முழுமைக்குமே அப்பெயரைச் சூட்டிவிட்டார். தவறு பின்னர் தெரிந்தது. பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது.

பழைய மலைக்கு வடக்கே தான்யூப் வரை கோதுமையும் சோளமும் சூரியகாந்தியும் விளையும் சமவெளி. தெற்கே மாரித்சா நதி பாயும் திராக்கியச் சமவெளி. பழமை வாய்ந்த புலொவ்திவ் நகரம் இங்கேதான் இருக்கின்றது. அதற்கும் தெற்கே ரொடோப்பி மலைகள். தென்மேற்கிலே ரிலா மலை. அதன் முசாலா என்னும் சிகரம் 2,925 மீற்றர் உயரமுடையது. பால்கன் குடாநாடு முழுவதிலும் இதனை விஞ்சிய சிகரம் கிடையாது. தலைநகராகிய சோபியா, வித்தோஷா மலையின் அடிவாரத்திலே மேட்டுநிலத்தில் அமைந்துள்ளது. கருங்கடற் கரையிலே வர்ணா, பூர்காஸ் என இரு துறைமுகங்கள்.

பழைய மலையின் தென்சாரலில் கசன்லக் என்னும் ஊரைச் சுற்றி ரோசாப் பள்ளத்தாக்கு என வழங்கும் நிலம் உண்டு. மே மாதத்தின் நடுப்பகுதியிலிருந்து ஜூன் வரை, பொழுது புலரும் வேளையிலே, வெயில் ஏறுமுன், அங்கே மலர் கொய்வார்கள். வெயில் ஏறினால் மலரின் எண்ணெய் ஆவியாகிப்போகும். ஒரு கிலோ ரோசா எண்ணெய்க்கு மூவாயிரம் முதல் ஐயாயிரம் கிலோ மலர் வேண்டும் என்றால், அத்தொழிலின் பொறுமையை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். தயிரும் பல்கேரியரின் பெருமைகளில் ஒன்று. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரை 1905 இல் ஜெனீவாவில் கண்டறிந்த ஸ்தாமென் கிரிகோரொவ் என்பவர் ஒரு பல்கேரிய மருத்துவ மாணவர். அந்நுண்ணுயிரின் அறிவியற் பெயரிலேயே பல்கேரியாவின் பெயர் பொதிந்திருக்கின்றது. இன்னுமொரு விந்தை: பல்கேரியர் 'ஆம்' என்பதற்குத் தலையை இருபுறமும் அசைப்பர், 'இல்லை' என்பதற்கு மேலும் கீழும் ஆட்டுவர். நம்மவர் அங்கே சென்றால் பெரிய தடுமாற்றம் இராது என்று நினைக்கிறேன். ஏனைய ஐரோப்பியர்தாம் திண்டாடுவர்.

இனி மக்களைப் பார்ப்போம். இந்நாட்டின் ஆதிக்குடிகளுள் திராக்கியர் முக்கியமானோர். அவர்களுக்கும் மிக முந்தியோர் விட்டுச்சென்ற கல்லறைகளை 1972 இல் வர்ணா நகருக்கு அருகே கண்டெடுத்தனர். அவற்றிலிருந்த பொன்னணிகள் ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. மனிதன் உருக்கி வேலைசெய்த பொன்னிலே உலகில் மிகப் பழையவற்றுள் சேர்ந்தவை. பின்னர் உரோமர் வந்தனர். ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் சிலாவிய மக்கள் வடக்கிலிருந்து வந்து குடியேறினர். அவர்களைத் தொடர்ந்து, அஸ்பாரூக் என்னும் தலைவனின் கீழ், குதிரைப்படையினரான பல்கர் என்னும் கூட்டத்தார் தான்யூப்பைக் கடந்து வந்தனர். 681 இல் பைசாந்தியப் பேரரசன் அவர்களுடன் உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. பல்கேரிய அரசு தோன்றிய ஆண்டாக இதனையே கொள்வர். வென்ற பல்கர் சிலர். வெல்லப்பட்ட சிலாவியர் பலர். காலப்போக்கில் வென்றவர் பெயரும் வெல்லப்பட்டவர் மொழியும் சேர்ந்து ஓர் இனம் உருவாயிற்று.

ஒன்பதாம் நூற்றாண்டில் முதலாம் போரிஸ் என்னும் அரசன் கிறித்துவ மதத்தைத் தழுவினான். வழிபாடும் வேதமும் கிரேக்க மொழியிலே இருந்தன. இவ்வேளையிலே சிலாவிய மொழிக்கு எழுத்து வகுத்த கிரில், மெதோடி என்னும் சகோதரர்களின் மாணாக்கர், மொராவியாவிலிருந்து துரத்தப்பட்டுப் புகலிடம் தேடி 886 அளவில் பல்கேரியா வந்தனர். போரிஸ் அவர்களை ஏற்றுக்கொண்டான். அகதிகளாக வந்த அந்த ஆசிரியர்களுள் கிளிமெந்து, நாவும் என்னும் இருவர் தலையாயவர். 893 இல் கிரேக்கத்தின் இடத்தைச் சிலாவிய மொழி பெற்றது. சிமியோன் என்னும் பேரரசனின் காலத்தில், பிரெஸ்லாவ் நகரிலே, இன்று ருஷ்யர், உக்ரேனியர், சேர்பியர், மொங்கோலியர் முதலாய பல மக்கள் வழங்கும் சிரில்லிக் எழுத்து உருப்பெற்றது. ருஷ்யரின் எழுத்து என்றே பலரும் அதனைக் கருதுவதில் பல்கேரியருக்கு உள்ளூர மனக்குறை உண்டு, நியாயமான குறைதான்.

அரசுகளின் ஏற்றத்தாழ்வை நான் விரிக்கப்போவதில்லை. 1018 இல் முதற் பேரரசு பைசாந்தியத்துக்கு அடங்கிற்று. 1185 இல் அசேன், பீற்றர் என்னும் சகோதரர்கள் கலகஞ்செய்து தர்னோவோ நகரைத் தலைநகராக்கினர். 1393 இல் அந்நகரும், 1396 இல் வீதின் கோட்டையும் துருக்கியரிடம் வீழ்ந்தன. அதன்பின் ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகள் ஒட்டோமன் ஆட்சி.

இக்காலத்திலே பல்கேரியர் இரண்டு சுமைகளைத் தாங்கினர். ஒன்று சுல்தானின் அரசியல் அதிகாரம். மற்றையது கொன்ஸ்தாந்திநோபிளில் இருந்த கிரேக்கத் தலைமைக் குருவின் சமய அதிகாரம். ஒட்டோமன் பேரரசு மக்களை இனத்தால் பகுக்கவில்லை, சமயத்தால் பகுத்தது. ஆகவே ஓதோடொக்ஸ் கிறித்தவராகிய பல்கேரியர் கிரேக்கக் குருமாரின் கண்காணிப்பில் வந்தனர். பட்டணங்களிலே படித்தவன் என்றால் கிரேக்கம் படித்தவன் என்றாயிற்று. சற்று வசதி வந்ததும் வணிகர் தம் வீட்டிலும் கிரேக்கமே பேசத்தொடங்கினர். பல்கேரிய மொழி உழவனின் மொழி, இடையனின் மொழி என்று ஒதுக்கப்பட்டது.

1762 இல் பயிசி என்னும் துறவி ஒரு சிறு நூலை எழுதி முடித்தார். அவர் ஆதோஸ் மலையின் ஹிலெந்தார் மடத்தைச் சேர்ந்தவர். பல்கேரியருக்கும் அரசரும் புலவரும் அருளாளரும் இருந்தனர் என்பதை அந்நூல் கூறிற்று. தன் மொழியை விட்டுப் பிறர் மொழியை நாடுவோரைக் கடிந்தது. வரலாற்று ஆராய்ச்சி என்று பார்த்தால் அதிற் குற்றங் காணலாம். அவர் காலத்தில் அந்நூல் அச்சேறவுமில்லை. 1765 இல் கொத்தெல் என்னும் ஊரிலே ஸ்தொய்கோ என்னும் குரு ஒருவர் அதனைக் கையாற் பிரதிசெய்து தம் கோயிலிலே வைத்தார். சொஃப்ரோனி என்னும் பெயருடன் விராத்ஸா நகரின் மேற்றிராணியாராகப் பின்னர் விளங்கியவர் அவரே. ஒருவர் பிரதியை மற்றொருவர் படியெடுக்க, ஊர் ஊராக அந்நூல் நடந்தது. 1806 இல் சொஃப்ரோனியின் பிரசங்கத் தொகுப்பு, புதிய பல்கேரிய மொழியின் முதல் அச்சு நூலாக வெளிவந்தது.

நூல் நடந்த வழியே பள்ளிக்கூடமும் நடந்தது. இவ்விடத்திலே சற்று நின்று பார்க்க விரும்புகின்றேன். நான் ஓர் ஆசிரியன் என்பதே காரணம், நேயர்கள் பொறுத்துக்கொள்க.

பழைய மலையின் வடசாரலில் கப்ரோவோ என்று ஓர் ஊர். அவ்வூரிற் பிறந்து ருஷ்யத் துறைமுகமாகிய ஒடெசாவிலே வாணிகம் செய்தவர் வசீல் அப்ரிலொவ். கிரேக்கக் கல்வி பெற்றவர். கிரேக்க விடுதலைக்குக் கைகொடுத்தவர். பல்கேரியரைப் பற்றி யூரி வெனெலின் என்னும் அறிஞர் எழுதிய நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதனைப் படித்த பின்பே தாம் யார் என்பதை அவர் உணர்ந்தாராம். தம் ஊரிலே பல்கேரிய மொழியில் ஒரு பள்ளிக்கூடம் அமைக்க அவர் பொருள் சேர்த்தார். ரிலா மடத்துத் துறவியாகிய நெயோபித் என்பவரை ஆசிரியராகத் தெரிந்து, புதிய போதனா முறையைக் கற்றுவர புக்கரெஸ்ற் நகருக்கு அனுப்பினர். 1835 ஜனவரியில் கப்ரோவோப் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. பொதுக்கல்வியைத் தாய்மொழியில் அளித்த முதற் பல்கேரியப் பள்ளி அதுவே.

நெயோபித் கற்றுவந்த புதிய முறை எது? ஓர் ஆசிரியர் மூத்த மாணவர் சிலருக்குப் பாடஞ் சொல்ல, அம்மூத்த மாணவர் இளையோருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை. அரிவரி படிக்கும் சிறுவர் தாளும் மையும் இன்றி, மணல் பரப்பிய பலகையிலே விரலால் எழுதுவர். ஐரோப்பா எங்கும் பெல், லங்காஸ்ற்றர் என்னும் இரு ஆங்கிலேயரின் முறை என்று அது பேர்பெற்றிருந்தது. ஆங்கிலேயர் என்றேன், பெல் ஸ்கொத்லாந்துக்காரர். அந்திரூ பெல் என்னும் அந்தக் குருவானவர் 1787 இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் 1789 இல் தோன்றிய ஆண்பிள்ளைகள் அநாதைச் சாலையின் மேற்பார்வையை ஏற்றார். ஒருநாள் உள்ளூர்ப் பிள்ளைகளின் பள்ளி ஒன்றைக் கடந்து செல்கையில், சிறுவர் மணலிலே விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதனைத் தம் சாலையிலும் புகுத்தினார். ஆசிரியர் தயங்கியபோது ஒரு மாணவனைக் கொண்டே நடத்தினார். 1796 இல் நாடு திரும்பி, அடுத்த ஆண்டில் இலண்டனிலே இதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்றே அது வழங்கிற்று.

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தையும் சட்டாம்பிள்ளையையும் அறிந்தோருக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்திலே ஆசிரியரையே சட்டம்பியார் என்று அழைத்த காலம் உண்டு. நம்முடைய மணலும் விரலும் இலண்டன் சென்று, பால்கன் குடாநாட்டில் ஏறி, பழைய மலையின் சாரலில் ஓர் அடிமைப்பட்ட இனத்தின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தன என்பதை நான் முதன்முதலிற் படித்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வாளா இருந்தேன்.

கப்ரோவோவைக் கண்டு ஊர்கள் போட்டியிட்டுப் பள்ளிகளை அமைத்தன. 1856 இல் ஸ்விஷ்தொவ், லொம், ஷூமென் என்னும் ஊர்களில் 'சித்தாலிஷ்தே' என்னும் வாசிகசாலைகள் தோன்றின. படிக்குமிடம் என்பது அச்சொல்லின் பொருள். பெயருக்குத்தான் வாசிகசாலை, நாடகமும் பாட்டும் சொற்பொழிவும் எல்லாம் அங்கேதான். அரசின் உதவியின்றி ஊரார் காசிலே வளர்ந்த இந்நிலையங்கள் இன்றும் மூவாயிரத்திற்கு மேல் இயங்குகின்றன. 1851 இல் புலொவ்திவ் நகரப் பள்ளி ஒன்று கிரில், மெதோடி சகோதரர்களின் நாளை முதன்முதலாகப் பள்ளி விழாவாகக் கொண்டாடிற்று. அதுவே இன்று மே 24 ஆம் நாளில் நாடு முழுவதும் நிகழும் எழுத்துத் திருவிழா. போரில் வென்ற நாளைக் கொண்டாடும் நாடுகள் பல. அரிச்சுவடிக்காகப் பிள்ளைகள் மாலை சூடி ஊர்வலம் செல்லும் நாடுகள் மிகச் சிலவே.

பள்ளியின் பின் கோயில்; கோயிலின் பின் நாடு. 1870 இல் சுல்தானின் கட்டளையால் பல்கேரியருக்குத் தனித் திருச்சபை கிடைத்தது. ஊர்தோறும் இரகசியக் குழுக்களை அமைத்த வசீல் லெவ்ஸ்கி என்னும் முன்னாள் துறவி 1873 இல் சோபியாவிலே தூக்கிலிடப்பட்டார். 1876 ஏப்ரலில் எழுந்த கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. பத்தாக் என்னும் மலையூரில் கோயிலுக்குள் புகலடைந்தோரும் கொல்லப்பட்டனர். மக்கஹன் என்னும் அமெரிக்கச் செய்தியாளர் இலண்டன் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்கள் ஐரோப்பாவை உலுக்கின. கிளாட்ஸ்ரன் இதுபற்றித் துண்டுப்பிரசுரம் வெளியிட்டார். 1877 இல் ருஷ்யா துருக்கிமீது போர் தொடுத்தது. ஷிப்கா கணவாயில் பல்கேரியத் தொண்டரும் ருஷ்யப் படையினரும் சேர்ந்து நின்று பொருதனர். 1878 மார்ச் 3 ஆம் நாள் சான் ஸ்தெபானோ உடன்படிக்கை பெரியதொரு பல்கேரியாவை உருவாக்கிற்று. ஏறக்குறைய நான்கு மாதங்களில் வல்லரசுகள் பேர்லினிற் கூடி அதனை மூன்று துண்டாக வெட்டின.

துண்டிக்கப்பட்ட அந்நாடு 1879 இல் தர்னோவோ நகரிலே தனக்கொரு யாப்பை வகுத்துக்கொண்டது. ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை, ஒரே சபையுடைய பாராளுமன்றம், இலவசக் கட்டாய ஆரம்பக் கல்வி ஆகியன அதில் இருந்தன. பிரபுப் பட்டங்கள் விலக்கப்பட்டன. எந்த அடிமையும் பல்கேரிய மண்ணை மிதித்த கணமே விடுதலையடைவான் என்றும் ஒரு பிரிவு கூறிற்று. அக்கால ஐரோப்பாவில் இத்தகைய யாப்பு அரிது. ஆனால் யாப்பு எழுதுவது ஒன்று, அதன்படி ஒழுகுவது வேறொன்று. அரசர் அதனை இடைநிறுத்தினர், படையினர் புறக்கணித்தனர். இழந்த நிலத்தை மீட்கும் வேட்கையால் 1912 இலும் 1913 இலும் 1915 இலும் நாடு போருக்குச் சென்றது. 1919 இல் தோல்வியும் கடனும் அகதிகளுமே எஞ்சின. உழவர் கட்சித் தலைவராகிய ஸ்தம்போலீஸ்கி போர் வேண்டாம், வயல் வேண்டும் என்னும் கொள்கையுடன் நாலாண்டு பிரதமராக இருந்தார். 1923 இல் சதிகாரர் அவரைச் சித்திரவதை செய்து கொன்றனர்.

1941 மார்ச்சில் மூன்றாம் போரிஸ் அரசன் ஜேர்மனியின் பக்கம் சேர்ந்தான். யூதரை ஒடுக்கும் சட்டம் முன்னரே வந்துவிட்டது. 1943 இல் யூதரை ஒப்படைக்கும் ஒப்பந்தம் இரகசியமாகக் கைச்சாத்தாகியது. கியூஸ்தெந்தில் என்னும் எல்லைப்புற நகரிலே இரயில்கள் ஆயத்தமாகும் செய்தி கசிந்ததும், அந்நகர மக்கள் சிலர் தம் பிரதிநிதியிடம் ஓடினர். அவர் பாராளுமன்றத்தின் உப சபாநாயகர் திமீத்தர் பேஷெவ். அரசாங்கக் கட்சியைச் சேர்ந்தவர். அந்தச் சட்டத்துக்கு வாக்களித்தவரும்கூட. ஆயினும் அமைச்சரிடம் சென்று வாதாடினார். தம்மோடு 43 உறுப்பினர் கையொப்பமிட்ட ஆட்சேபப் பத்திரத்தைப் பிரதமருக்கு அனுப்பினார். சோபியாவின் ஸ்தெபான், புலொவ்திவின் கிரில் என்னும் மேற்றிராணிமார் வெளிப்படையாக எதிர்த்தனர். பேஷெவ் பதவி இழந்தார். ஆனால் பல்கேரியாவின் பழைய எல்லைக்குள் வாழ்ந்த ஏறக்குறைய 48,000 யூதர் உயிர் தப்பினர். பல்கேரியர் இதனைப் பெருமையோடு கூறுவர். கூறவேண்டியதுதான். ஆயின் அதே மார்ச் மாதத்திலே, பல்கேரியப் படை பிடித்துவைத்திருந்த திராக்கியா, மசிடோனியா, பீரொட் பகுதிகளிலிருந்து 11,343 யூதரைப் பல்கேரியப் பொலிசாரே இரயிலேற்றினர். அவர்கள் திரெப்லிங்காக் கொலைக்களத்துக்குச் சென்றனர். மீண்டவர் அநேகமாக இல்லை. இரண்டு கணக்கையும் ஒருசேரச் சொல்வதே வரலாறு.

1944 செப்டெம்பரில் ருஷ்யப் படை உள்ளே வந்தது. 1946 இல் முடியாட்சி ஒழிந்து குடியரசு ஏற்பட்டது. பேஷெவைச் சிறைக்கு அனுப்பியது இப்புதிய ஆட்சியே என்பதையும் சொல்லவேண்டும். 1954 முதல் 1989 வரை தோதொர் ஷிவ்கொவ் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவராக நாட்டை ஆண்டார். எழுத்தறிவும் கைத்தொழிலும் பெருகின. வாய் திறந்து பேசும் உரிமை சுருங்கிற்று.

ஒட்டோமன் காலந்தொட்டு பல்கேரியாவில் துருக்கிய மொழி பேசும் முஸ்லிம்கள் வாழ்கின்றனர். கிழக்கு ரொடோப்பியில் கர்ஜாலியைச் சுற்றியும் வடகிழக்கில் ரஸ்கிராத், ஷூமென் பகுதிகளிலும் அவர்கள் மிகுதி. அக்காலத்தில் அவர்களுட் பலர் புகையிலை பயிரிட்ட உழவர். அவர்களின் மொழிப் பாடம் பள்ளிகளிலிருந்து 1970 களின் நடுவளவில் முற்றாக மறைந்தது. 1984 ஆம் ஆண்டின் இறுதியில், குளிர்கால நடுவிலே, படையினரும் பொலிசாரும் கர்ஜாலிப் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தனர். அதிகாரிகள் பெயர்ப்பட்டியலுடன் வந்தனர். மெஹ்மெத் என்பவன் அதிலிருந்து ஒரு பல்கேரியப் பெயரைத் தெரிந்தெடுக்கவேண்டும். தெரியாவிடின் அதிகாரியே எழுதிவிடுவார். புதிய அடையாள அட்டை இல்லாதவனுக்குச் சம்பளமில்லை. சில மாதங்களுக்குள் எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பெயரிழந்தனர். பொது இடத்தில் துருக்கிய மொழி பேசினால் தண்டம். கல்லறைக் கற்களும் தப்பவில்லை. இறந்தோருக்கும் பெயர் மாற்றினர். எதிர்த்து நின்ற கூட்டத்தின்மீது சூடு விழுந்தபோது, தாயோடிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையும் உயிர் நீத்தது.

இவர்கள் துருக்கியரல்லர், முற்காலத்தில் வற்புறுத்தலால் மதம் மாறிய பல்கேரியரே. ஆகவே இது பெயர் மாற்றமன்று, 'மறுமலர்ச்சி' என்று அரசாங்கம் விளக்கம் கூறிற்று. பயிசியும் அப்ரிலொவும் தோற்றுவித்த இயக்கத்துக்கு வழங்கிய அதே சொல். தன் மொழியைப் பழித்தவரை எதிர்த்து எழுந்த ஓர் இனம், தன் வாசலில் வாழ்ந்த மற்றோர் இனத்தின் பெயரைப் பறிப்பதற்கு அந்தச் சொல்லையே கருவியாக்கிற்று. பள்ளி இடாப்பிலே ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பெயர்களைத் தம் கையால் எழுதுபவர்களுக்கு, ஒரு தவணை விடுமுறைக்குப் பின் வகுப்பில் பாதிப் பேரை வேறு பெயரால் கூப்பிட நேர்ந்த ஆசிரியரின் நிலை விளங்கும்.

நயிம் சுலைமானொவ் என்னும் பாரம் தூக்கும் வீரரின் கதையை நேயர் சிலர் அறிந்திருக்கலாம். கர்ஜாலிப் பகுதியைச் சேர்ந்த இவர், பதினாறு வயதிலேயே உலக சாதனை நாட்டியவர். 1985 இல் அவர் பெயர் நவும் ஷலமானொவ் ஆயிற்று. 1986 டிசெம்பரில் மெல்பேண் நகருக்குப் போட்டிக்குச் சென்றவர், விருந்து மண்டபத்திலிருந்து நழுவித் துருக்கியிடம் அடைக்கலம் புகுந்தார். அவர் துருக்கிக்காகப் பங்குபற்றுவதற்கு இணங்கப் பல்கேரியா பெருந்தொகைப் பணம் பெற்றுக்கொண்டது. 1988 இல் சோல் ஒலிம்பிக்கில் அறுபது கிலோ எடைப் பிரிவிலே தம் உடல் எடையைப்போல் மும்மடங்குக்கு மேலான 190 கிலோவைத் தலைக்குமேல் உயர்த்திப் பொற்பதக்கம் வென்றார்.

1989 மே மாதம் துருக்கிய மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஷிவ்கொவ் எல்லையைத் திறந்துவிட்டார். ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் 22 வரை ஏறக்குறைய 3,60,000 பேர் கட்டிலும் அடுப்பும் வண்டியிலேற்றித் துருக்கிக்குச் சென்றனர். சுற்றுலா விசாவில் சென்றமையால் மக்கள் அதனைப் 'பெரிய உல்லாசப் பயணம்' என்று கசப்போடு அழைத்தனர். வயல்களில் புகையிலை கொய்ய ஆளில்லை. அவ்வாண்டு நவம்பர் 10 இல் ஷிவ்கொவ் பதவியிழந்தார். டிசெம்பர் 29 இல் பெயர்களைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானமாயிற்று. 1990 மார்ச்சில் அது சட்டமாயிற்று. சென்றோரிற் பலர் திரும்பி வந்தனர். 2012 ஜனவரியில் பல்கேரியப் பாராளுமன்றம் இச்செயலைக் கண்டித்து, 1989 வெளியேற்றத்தை இனச் சுத்திகரிப்பு என்றே பெயரிட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

இன்றைய ஆட்சிமுறை 1991 ஜூலை யாப்பின்படி நடப்பது. 240 உறுப்பினர் கொண்ட ஒரே தேசிய சபை, விகிதாசாரத் தேர்தல், நூற்றுக்கு நாலு வாக்குப் பெறாத கட்சிக்கு இடமில்லை. நிறைவேற்று அதிகாரம் பிரதமரிடமும் அமைச்சரவையிடமும் உள்ளது. ஜனாதிபதியை மக்கள் ஐந்தாண்டுக்கு நேரடியாகத் தெரிவு செய்வர். அவர் அதிகாரம் மட்டுப்பட்டது. நாட்டில் 28 மாகாணங்கள். யாப்பின் 36 ஆம் பிரிவு பல்கேரிய மொழியை அரசகரும மொழி என்கின்றது. அதனைத் தாய்மொழியாகக் கொள்ளாத குடிகளுக்குத் தம் மொழியைக் கற்கவும் வழங்கவும் உரிமை உண்டு என்கின்றது. 11 ஆம் பிரிவோ இன, சமய அடிப்படையில் கட்சி அமைப்பதைத் தடுக்கின்றது. துருக்கிய மக்களின் ஆதரவுடன் 1990 இல் எழுந்த உரிமைகளுக்கும் சுதந்திரங்களுக்குமான இயக்கத்தை இப்பிரிவின் கீழ் தடைசெய்யக் கோரி வழக்கு நடந்தது. பன்னிரு நீதியரசரிலே ஏழு பேரின் வாக்கு வேண்டும். அவ்வேழும் கிடைக்கவில்லை, 1992 இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஓர் இனத்தின் அரசியல் வாழ்வு அத்தனை மெல்லிய நூலிலே தொங்கிற்று. அக்கட்சி பின்னர் ஆட்சிக் கூட்டிலும் இடம்பெற்றது.

ஆறு வயதில் அரசனாகி 1946 இல் நாடுகடந்த இரண்டாம் சிமியோன், 2001 இல் தேர்தலில் வென்று பிரதமரானதும் இக்குடியரசிலேதான். 2004 இல் நாடு நேட்டோவிலும் 2007 இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்தது. சேர்ந்தபின் ஊழல் பற்றிய முறைப்பாடு ஓயவில்லை. 2021 ஏப்ரலிலிருந்து 2024 ஒக்டோபர் வரை ஏழு பொதுத் தேர்தல் நடந்தன என்றால் அரசியல் உறுதிப்பாட்டைப் பற்றி வேறு கூறவேண்டியதில்லை. அதனினும் பெரிய கவலை மக்கள் குறைந்து வருவது. 1985 இல் ஏறக்குறைய 90 இலட்சமாக இருந்த தொகை, 2021 குடிசன மதிப்பின்படி 65 இலட்சம். இளைஞர் மேற்கு நாடுகளுக்குப் போய்விட, மலையூர்களிலே பள்ளிகள் பிள்ளைகளின்றி மூடப்படுகின்றன. இனம் தெரிவித்தோரில் நூற்றுக்கு 84.6 பேர் பல்கேரியர், 8.4 பேர் துருக்கியர், 4.4 பேர் ரோமா மக்கள். துருக்கிய மொழியை விருப்பப் பாடமாகக் கற்கும் மாணவர் தொகை ஆண்டுக்காண்டு சுருங்கி வருகின்றது.

கப்ரோவோவின் அப்ரிலொவ் பள்ளிக் கட்டடத்திலே இப்போது கல்விப் பொருட்காட்சிச்சாலை ஒன்று உண்டு. பிள்ளைகள் விரலால் எழுதிய மணற்பலகை அங்கே வைக்கப்பட்டிருக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்திலே இலத்தீன், கிரேக்க எழுத்துகளோடு மூன்றாவது எழுத்தாகச் சிரில்லிக் ஏற்கப்பட்டது பல்கேரியா சேர்ந்த 2007 இலேதான். 2026 ஜனவரி 1 ஆம் நாளிலிருந்து அந்நாட்டில் யூரோ நாணயம் வழங்குகின்றது. பல்கேரியா அச்சடித்த ஒரு யூரோக் காசிலே ரிலா மடத்தை நிறுவிய யோவான் முனிவரின் உருவம். இரண்டு யூரோக் காசிலே தாடியுடன் விளங்குபவர், தம் காலத்தில் அச்சேறாத நூல் ஒன்றை எழுதிவிட்டு ஊர் ஊராக நடந்த பயிசித் துறவி.